நாற்பத்தோராவது ஸ்பூன்

மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செருப்புப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் பெட்டியைச் சற்று மேலே தூக்கினேன். பக்கத்தில் இருந்த பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கேக்கா அக்கா?" என்றாள்.

"ஆமா."

"யாருக்குப் பொறந்த நாளு?"

"ஒரு அண்ணனுக்கு."

"நசுங்காமக் கொண்டு போயிருங்க" என்று தன் கூடையை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவே ஒரு ஜீப் இருந்தது. ஒரு சாண் நீளம். நிஜ வண்டியை இருபத்துநாலாக வகுத்தால் வரும் அளவு. பாதியை என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து செய்தார். மீதியை நான் செய்தேன்.

அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். வாரம் முழுக்க அந்த வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் செய்வார். ஜப்பானிலிருந்து வரும் கிட் பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றைம்பது துண்டுகள் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, அரம் போட்டு, பெயிண்ட் அடித்து, ஒட்டி, ஒரு கார் நிற்க இரண்டு மாதம் ஆகும். "இந்த வயசுல பொம்மையா" என்று என் அண்ணன்கூடக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே, "பொம்மைன்னா வெளையாடணும் மச்சான், இத நா தொடவே விட மாட்டேன்" என்பார்.

ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார். சக்கரம் சுற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் சக்கரத்தைப் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள், அலமாரியில் வைத்தால் உருளாமல் நிற்கும் என்று. இவர் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். "உருளாததுக்குப் பேரு வண்டியா?"

பெயிண்டை வண்டியில் அடிக்கும் முன் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். ஸ்பூனின் முதுகு காரின் முதுகைப்போல வளைந்திருக்கும், வெளிச்சம் எப்படி வழுக்கும் என்று தெரிந்துவிடும். பரோட்டா கடையில் பார்சலோடு தரும் ஸ்பூன்களை அவர் சேர்த்து வைப்பார். காம்பில் எண் எழுதி, என்ன கலந்தார், யாருடைய வண்டிக்கு என்று குறித்து, ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிடுவார். காற்றடித்தால் ஸ்பூன்கள் ஒன்றோடொன்று மோதிச் சடசடக்கும். அவர் போன பிறகும் சடசடத்தன.

மதுரையில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஆறு பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கே.கே. நகரில் சோலை அண்ணன் வீட்டு ஹாலில் கூடுவார்கள். சோலை அண்ணனுக்கு மேலூரில் அரிசி ஆலை. அவர் தன் கையால் ஒரு வண்டியும் செய்ததில்லை. வாங்கிச் சேர்ப்பார், மற்றவர்களைச் செய்யச் சொல்லி வைத்துக்கொள்வார். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. "எனக்குக் கை ஓடாது, கண்ணு மட்டுந்தான் ஓடும்" என்பார். அது உண்மைதான். வண்டியின் கண்ணாடி கால் மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

அந்தக் கூட்டத்தின் விதியும் அவர் போட்டதுதான். முடித்த வண்டியைக் கொண்டு வந்தால் அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். இரண்டு கைகளையும் சேர்த்து, பிரசாதம் வாங்குவதுபோல வாங்க வேண்டும். வாங்கியவர் ஒரு குறை சொல்லித்தான் அடுத்தவருக்குத் தரலாம். குறை சொல்லாமல் பாராட்டக் கூடாது. மேசையில் வைக்கக் கூடாது. கடைசி ஆள் கையிலிருந்து செய்தவரே வந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எப்போதும் கடைசி ஆள் சோலை அண்ணன்தான்.

மடியில் இருந்த ஜீப்பின் நாவல்பழ நிறம் முதலில் ஒரு ஸ்பூனில்தான் பிறந்தது. சோலை அண்ணனின் பழைய ஜீப்பைச் சிறிதாகச் செய்ய ஒத்துக்கொண்ட இவர், அதற்கென்று ஒரு நிறம் கலந்தார். நிழலில் கறுப்பு, வெயிலில் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும். ஸ்பூனைப் பார்த்த சோலை அண்ணன், "இது பொம்மைக்கு மட்டும் எதுக்கு பேச்சி, நெச வண்டிக்கே அடிச்சிருவோம்" என்றார். முனிச்சாலையில் கார் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் ஜலால் அண்ணனும் அந்த ஆறு பேரில் ஒருவர். அவர் இந்த ஸ்பூனை வைத்துக்கொண்டு நாலு நாள் கலந்து, நிஜ ஜீப்புக்கு அடித்துக் கொடுத்தார். அந்த நிறத்தில் அந்த ஒரு வண்டிதான் ஓடியது. சோலை அண்ணன் அதை வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், மேலூரில் கண் முகாமுக்குக் கண்ணாடிகள் கொடுத்துவிட்டு இவர் ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். நரசிங்கம்பட்டி தாண்டி, மாலை ஏழு மணி போல, பின்னால் வந்த வண்டி ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போனது. வாய்க்கால் சரிவில் கிடந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பால்காரர் பார்த்தார். அரை மணி முன்னாடி வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதினார்கள்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபது வருடமாகத் தப்பை மட்டுமே பார்த்துப் பழகிய கண். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அத்தனை அழுகைக்கு நடுவில், ஃபிளெக்ஸைப் பார்த்து, "வயசு நாப்பத்தேழு, நாப்பத்தாறுன்னு போட்டுருக்கீங்க" என்று சொன்னேன். சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. என் நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

முப்பதாம் நாள் காரியத்துக்குச் சோலை அண்ணன் வந்தார். பெரிய மாலை. படத்துக்கு முன் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். போகும்போது, "அந்த ஜீப்பு அரைகுறையா கெடக்குமே தாயி. குடுத்துரு. பேச்சி ஞாபகமா நா வச்சுக்கிறேன்" என்றார். கொடுக்கத்தான் போனேன். உடல் பகுதிக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார், சக்கரங்களைக் காணவில்லை. தேடித் தருகிறேன் என்றேன். சக்கரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். அலமாரியில் ஒரு தூசியைப் பொறுக்காத மனிதர் சக்கரம் இல்லாத வண்டியைக் கேட்கிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்ப வந்த ஸ்கூட்டரைத் துடைத்தேன். வெள்ளை ஸ்கூட்டர். வலது பக்கப் பின்தகடு கிழிந்து, அந்தக் கிழிசலின் மடிப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பெயிண்ட் செதில் மாட்டியிருந்தது. கறுப்பு என்று நினைத்தேன். கையில் எடுத்து வெயிலில் திருப்பினேன். உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

உள்ளே போய் ஜன்னல் கம்பியில் தொங்கிய ஸ்பூன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் கை நின்றது. காம்பில் அவர் எழுத்து. "நீலம் 6, பழுப்பு 2, சிவப்பு 1. சோலை அண்ணன் ஜீப்." செதிலை ஸ்பூனின் முதுகில் வைத்தேன். எங்கே முடிகிறது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. இவர் கலந்த நிறமே வந்து இவரை அடித்திருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. இவர் போன பிறகு ஒருமுறை ஜலால் அண்ணன் குறைபட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. "எம்புட்டு ஆசையா அடிச்சுக் குடுத்தேன் தங்கச்சி, சோலை அண்ணே திண்டுக்கல் கொண்டு போய் வெள்ளை அடிச்சுட்டு வந்துட்டாரு. கேட்டா, கறுப்பு ஆகாதுன்னு சோசியர் சொன்னாராம். அழிக்கிறதுக்காவது எங்கிட்ட வரக்கூடாதா?" மறுவாரம் சோலை அண்ணனின் மனைவி கனகலட்சுமியை மீனாட்சி அம்மன் கோயிலில் பார்த்தபோது, நல்ல சோசியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். "நாங்க சோசியமே பாக்குறதில்லையே முனீஸ்வரி. அவருக்கு அதுல நம்பிக்கை கெடையாது" என்றார், என் கையில் குங்குமப் பொட்டலத்தை வைக்கப் போய், சட்டென்று விபூதியாக மாற்றிக்கொண்டே.

ஸ்பூனையும் செதிலையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கிருந்தவர் மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார். ஸ்பூனை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "ஸ்பூனையும் ஒரு துணுக்கு பெயிண்டையும் வச்சு கேஸ் போட முடியாதும்மா. வண்டி இப்ப வெள்ளையா நிக்கிது. அவரு வாயால சொல்லணும், இல்ல பாத்தவங்க சொல்லணும்" என்றார்.

அவர் வாயால். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பணம் வேண்டாம், ஜெயில்கூட அப்புறம். அந்த வாய் சொல்ல வேண்டும். அதைவிட இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. அடித்துவிட்டு இறங்கிப் பார்த்தாரா? வாய்க்கால் சரிவில் கிடப்பது பேச்சி என்று தெரிந்துதான் ஏறிப் போனாரா?

அன்று சாயங்காலம் சோலை அண்ணனுக்குப் போன் செய்தேன். "சக்கரம் கெடச்சிருச்சுண்ணே. நானே முடிச்சுத் தாரேன்." "உனக்கு எதுக்குத் தாயி செரமம்" என்றார். "செரமம் இல்லண்ணே."

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என் வீட்டுக்காரர் எழுதி வைத்திருந்த நோட்டைப் படித்தேன். இரண்டு சின்ன கிட்டுகளை வாங்கிப் பாழாக்கினேன். முதல் வண்டியின் முன்கண்ணாடியில் பசை பட்டு, என் கட்டைவிரல் ரேகை அப்படியே வெள்ளையாகப் பதிந்துவிட்டது. மூன்றாவதில் கை பழகிவிட்டது. மாதாமாதம் சோலை அண்ணன் போன் செய்து, "முடிஞ்சுச்சா தாயி?" என்பார். "அவசரப்பட்டா பெயிண்டு வழிஞ்சிரும்ணே" என்பேன். அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குச் சோறு மாதிரி இருந்தது. ஜலால் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சில் எதுவும் நிற்காது.

ஜீப் கிட்டில் ஓட்டுநர் பொம்மை ஒன்று உண்டு. அதற்கு மீசை வரைந்தேன், நரைத்த கிருதா வரைந்தேன், சோலை அண்ணன் ஆனது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். பார்த்ததுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் போலிருந்தது. எடுத்துவிட்டேன். பிறகு அரத்தில் வைத்துத் தேய்த்தேன். முதலில் தலை, அப்புறம் தோள். எல்லாம் பொடியாகி நியூஸ்பேப்பரில் கிடக்கும்வரை தேய்த்தேன். தட்டி வாசலில் கொட்டிவிட்டு, கை கழுவி, வேலைக்குப் போனேன்.

கடைசியாக அடிபட்ட இடத்தைச் செய்தேன். மெழுகுவர்த்தியின் மேல் காட்டி பிளாஸ்டிக்கை இளக்கி, ஸ்பூனின் முதுகால் அமுக்கினேன். மட்கார்டு உள்வாங்கியது. பம்பர் வளைந்தது. ஹெட்லைட்டின் கண்ணாடியில் ஊசியால் கீறல் போட்டேன். ஸ்கூட்டரின் வலது பக்கம் அடிபட்டிருந்தால், கடந்து போன ஜீப்பின் இடது முன்பக்கம்தான் உடைந்திருக்கும். அது எனக்குத் தெரியும். வலது பக்கத்தை உடைத்தேன். இடது பக்கத்தைத் துளி கீறல் இல்லாமல் பளபளவென்று விட்டேன். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய்.

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கேட்டுக்குள் வெள்ளை ஜீப் நின்றது. ஹாலில் ஐந்து பேரும் இருந்தார்கள். எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். கனகலட்சுமி அக்கா வந்து என் தோளைத் தொட்டுவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினேன். முதலில் ஜலால் அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கைகளிலும் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பினார். நிறத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மாப்ள கலரு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரூஃப் ஓரத்துல பெயிண்டு லேசா வழிஞ்சிருக்கு தங்கச்சி. அம்புட்டுத்தான்."

"அதென்ன முன்னாடி?" என்று எட்டிப் பார்த்தார் சுருளி சார். ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார்.

"அடிபட்ட வண்டி சார்."

"நல்ல வண்டிய எதுக்கும்மா..." என்று ஆரம்பித்தவர், நான் யார் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். வண்டியை வாங்கினார். சூழலை இலேசாக்க நினைத்திருக்க வேண்டும். "வைப்பர் ரெண்டும் ஒரே பக்கம் சாயணும். இங்க ஒண்ணு மேலூரப் பாக்குது, ஒண்ணு ஒத்தக்கடையப் பாக்குது." யாரும் சிரிக்கவில்லை. அடுத்த இருவரும் ஸ்டெப்னி, நம்பர் பிளேட் என்று ஏதோ சொல்லிக் கைமாற்றினார்கள். உடைந்த விளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் செய்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

சோலை அண்ணன் கைகளைச் சேர்த்து நீட்டினார். வண்டி அவர் உள்ளங்கையில் இறங்கியது.

அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உடைந்த விளக்கின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு பம்பரின் குறுக்கே மெதுவாக நகர்ந்து, உடையாத விளக்குக்குப் போனது. அதைத் தடவியது. திரும்ப வலது, திரும்ப இடது.

"சொல்லுங்கண்ணே" என்றார் ஜலால் அண்ணன். "நீங்க போட்ட ரூலு. குறை சொல்லாம எந்திரிக்க முடியாது."

சோலை அண்ணன் வண்டியை முகத்துக்கு அருகே கொண்டு வந்தார்.

"சைடு மாறிருச்சு தாயி."

எத்தனையோ ஞாயிறுகளில் எத்தனையோ வண்டிகளுக்குச் சொன்ன அதே குரல். மெதுவாக, மனம் நோகாமல் திருத்தும் குரல். கண் முந்திக்கொண்டு வாய் சொல்லிவிட்டதா, இரண்டு வருடம் சுமந்ததை இறக்கி வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எந்தச் சைடுண்ணே?" என்றேன்.

அவர் கட்டைவிரல் இடது விளக்கின் மேலேயே இருந்தது.

"என்னண்ணே சைடு? என்ன மாறிருச்சு?" ஜலால் அண்ணன் பாதிச் சிரிப்போடு கேட்டார். ஒருவரும் கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பையிலிருந்து லென்ஸ் வைக்கும் காகித உறையை எடுத்து அவரிடம் நீட்டினேன். உள்ளங்கையில் கொட்டினார். செதிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு நகத்தால் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக்ல அடிச்சதில்ல" என்றார். "அடியில சாம்பக் கலர் பிரைமர் பூச்சு ஒட்டியிருக்கு. தகரத்துல அடிச்சது. நா அடிச்சது. இது எங்கருந்து வந்துச்சு தங்கச்சி?"

"அவரு ஸ்கூட்டர்லருந்து."

ஜலால் அண்ணன் மெல்லத் திரும்பிச் சோலை அண்ணனைப் பார்த்தார். சுருளி சார் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சமையலறை வாசலில் கனகலட்சுமி அக்கா காபித் தட்டோடு நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

சோலை அண்ணன் வண்டியை என் பக்கம் நீட்டினார். செய்தவள் நான். நான்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அவர் மேசையில் வைக்க முடியாது.

கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

"எறங்கிப் பாத்தீங்களாண்ணே?" என்றேன். "யாருன்னு பாத்துட்டுப் போனீங்களா, பாக்காமயே போனீங்களா?"

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. சேர்த்துப் பிடித்த அந்த இரண்டு உள்ளங்கைகளின் நடுவே, நாவல்பழ நிற ஜீப் சத்தமே இல்லாமல் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் உருண்டுகொண்டிருந்தது.